விளம்பரத்துக்கு ஒரு தோசை

வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். முந்தின இரவு திண்டிவனத்தில் கொட்டிய மழை தூறலாக இளைத்திருந்தது. ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சுப்பராயலு, தம் வீட்டுத் தொலைக்காட்சியின் பின்புறம் தலையைக் கொடுத்து, கேபிள் இணைப்பைப் பிடுங்கி எடுத்தார்.

நிமிடம் பிசகாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுப்பராயலு பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். விழுப்புரம் வண்டி அரை நிமிடம் தாமதித்தாலும் விசிலும் கையுமாக ஓடிவருகிறவர். இருபத்தாறு ஆண்டுகளாக அவ்வூர் வண்டிகளெல்லாம் அவருடைய கைக்கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டே ஓடின. வீட்டில் மட்டும் வேறொரு கால அட்டவணை. அதை வகுத்தவள் அவர் மனைவி சித்ரா. அதன் முதல் வண்டி மாலை ஏழரைக்குப் புறப்படும்.

ஏழரைக்கு ஒரு தொடர், எட்டுக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று. ஏழரைச் சனிகூட ஏழரை ஆண்டில் இறங்கிப் போய்விடும். இந்த ஏழரை மணித் தொடரோ ஒன்பதாம் ஆண்டிலும் இறங்குவதாக இல்லை. கபடிக்காக உயிரையே விடக்கூடிய சுப்பராயலு, ஒன்பது ஆண்டுகளாகக் கபடியை மறுநாள் டீக்கடைச் செய்தித்தாளில்தான் பார்த்து வந்தார். அன்று மாலை ஏழரைக்கு லீக்கின் இறுதி ஆட்டம். அதை மட்டுமாவது கண்ணால் பார்த்துவிடுவது என்று சபதம் செய்திருந்தார். அதன் விளைவே இந்தப் புரட்சி.

“என்னாங்க, காலங்காத்தால டிவிக்குள்ள பூந்துக்கினு இன்னா பண்றீங்க?”

“கேபிளை எடுத்துட்டேன் சித்ரா. இனிமே எல்லாம் இன்டர்நெட்டு. ஆப்பு.”

“ஆப்பா? யாருக்கு?”

“டிவிக்குத்தான். போன்ல இருக்குதே, அந்த மாதிரி ஆப்பு.”

“அப்ப என் சீரியலு?”

“அதுலயே இருக்குது. ஏழரை எப்ப அடிக்கும்னு காத்துக்கினு கெடக்க வோணாம். மத்தியானம் பாரு. மாவு ஆட்டிக்கினே பாரு. எப்ப வோணாலும் பாரு.”

“எப்ப வோணாலுமா?”

“எப்ப வோணாலும்.”

“பேச்சு மாற மாட்டீங்களே?”

“இருபத்தாறு வருச சர்வீஸ்ல ஒரு வண்டிக்குக்கூட நான் நேரத்த மாத்திச் சொன்னதில்ல.”

சித்ரா புன்னகைத்தாள். அந்தப் புன்னகையிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். கேபிள்காரர் ராஜ்குமாரிடம் பெட்டியை ஒப்படைக்கும் அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை. விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் கலைப்பிரியா, போனிலேயே எல்லாவற்றையும் அமைத்துத் தந்தாள்.

“ஒரு ஸ்கிரீன் பிளானாப்பா, ரெண்டு ஸ்கிரீனா?”

“ஒத்துமையான குடும்பத்துக்கு ஒண்ணு போதும்மா,” என்றார் பெருமையாக.

மாலை ஏழு இருபத்திரண்டுக்கு வீடு வந்து சேர்ந்தார். கால் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தார். தொலைக்காட்சிக்கு எதிரே சித்ரா. அருகில் பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்வி, மடியில் ஒரு முறம் மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு.

“சித்ரா, நேரமாவுது. கபடி வைக்கணும்.”

“இருங்க, பதினேழாவது ஓடிக்கினு இருக்குது.”

“பதினேழாவது இன்னா?”

“எபிசோடு. செல்வி ஆரம்பத்துல பாக்கலியாம். அதான் மொதல்லேர்ந்து போட்டோம்.”

“மொத்தம் எத்தினி?”

“ரெண்டாயிரத்து நானூத்திச் சொச்சம்,” என்றாள் ஆரோக்கியசெல்வி, ஒரு மல்லாட்டையை உடைத்தபடி. “கவலப்படாதீங்கண்ணே. ஜல்தியா முடிச்சிடலாம்.”

“மத்தியானமே பாக்கச் சொன்னேனே!”

“மத்தியானம்தான் ஒக்காந்தோம். ஒண்ணு முடிஞ்சா அஞ்சே செகண்டுல அடுத்தது தானா வந்துடுது. வாசலுக்கு வந்த விருந்தாளியைப் போன்னு சொல்ல முடியுமா?”

டைம் கீப்பருக்கு மெய் சிலிர்த்தது. ஐந்து விநாடிக்கு ஒரு வண்டி! எந்தப் பணிமனையாலும் ஆகாத காரியம். ஆனால் வியந்து நிற்க அது நேரமில்லை.

“கபடி ஏழரைக்கு ஆரம்பிச்சுடும் சித்ரா!”

“அதுவும் இதுலயேதான் இருக்குது. எப்ப வோணாலும் பாருங்க.”

“அது லைவ்வு!”

“இது லைப்புங்க.”

“முடிவு தெரிஞ்சப்புறம் பாத்தா இன்னா ருசி?”

“அந்த மாமியா திருந்த மாட்டான்னு தெரிஞ்சுதான் ஒம்போது வருசமா பாத்துக்கினு வர்றேன். எனக்கு ருசிக்கலியா?”

போனிலாவது பார்க்கலாம் என்று அதைத் திறந்தார். இந்தக் கணக்கில் வேறொரு திரை ஓடிக்கொண்டிருப்பதாகப் போன் பணிவுடன் தெரிவித்தது. ஒற்றுமையான குடும்பம். வேறு வழியின்றி ரிமோட்டைப் பாய்ந்து பறித்தார். கபடியில் அதை ‘ரெய்டு’ என்பார்கள். ‘பார்ப்பவர் யார்?’ என்று திரை கேட்டது. தம் பெயரை அழுத்தினார். உடனே ஒரு முயல் கேரட்டும் கையுமாகத் துள்ளி வந்து ஆடத் தொடங்கியது.

“இன்னா இது?”

“நம்ம பொண்ணுகிட்ட சொல்லி ஒங்களுக்குன்னு தனியா போடச் சொன்னேன். பிரஷர் இருக்குது, அடிதடியெல்லாம் பாக்க வோணாம்னு டாக்டர் சொன்னாரே? அதான் கொழந்தைங்க பக்கத்துல சேத்திருக்குது.”

“மாத்து!”

“மாத்தணும்னா நாலு நம்பர் போடணும். அது எனக்குத்தான் தெரியும்.”

“முயலும் பாக்க நல்லாத்தாண்ணே இருக்குது,” என்றாள் ஆரோக்கியசெல்வி.

கபடி போயிற்று. எட்டரை மணிக்கு அடுத்த இடி இறங்கியது. அது பசியின் வடிவில் வந்தது.

ஒன்பது ஆண்டுகளாக உணர்ந்திராத ஓர் உண்மை அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த வீட்டில் இரவு உணவு என்பது விளம்பரங்களின் கொடை. விளம்பரம் வந்தால் சித்ரா எழுவாள். அடுப்படியில் ‘சொய்ங்’ என்று கேட்கும். சோப்பு விளம்பரத்துக்கு ஒரு தோசை. பற்பசை விளம்பரத்துக்குச் சட்னி. நகைக்கடை விளம்பரம் நீளமானது. அதில் வெங்காய ஊத்தப்பமே வெந்துவிடும். இன்றோ விளம்பரம் இல்லை. ஆகவே எழுந்திருத்தலும் இல்லை.

“சித்ரா, பசிக்குது.”

“மாவு பிரிட்ஜ்ல இருக்குது. எப்ப வோணாலும் சுட்டுக்கலாம்.”

வாசலுக்கு வந்து ராஜ்குமாருக்குப் போன் செய்தார். “அந்தப் பொட்டிய காலையிலேயே மயிலம் ரோட்ல ஒரு வீட்டுக்கு மாட்டிட்டேனே சார்,” என்றார் ராஜ்குமார். அடுத்து மகளை அழைத்தார்.

“பேஜாரா இருக்குதும்மா. விளம்பரம் வர்ற மாதிரி எதுனா செய்ய முடியுமா?”

“விளம்பரத்தோட ஒரு மட்டமான பிளான் இருக்குதுப்பா. யாரும் எடுக்க மாட்டாங்க.”

“அதான் எனக்கு வோணும்!”

விளம்பரம் வேண்டி இறைஞ்சிய முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். சற்று நேரத்தில் திரையில் ஒரு சோப்பு நுரைத்துப் பொங்கியது. ஒன்பதாண்டுப் பழக்கம் பொய்க்கவில்லை, சித்ரா எழுந்தாள். ‘சொய்ங்.’ சுப்பராயலு சம்மணமிட்டு அமர்ந்தார். தட்டு வந்தது. தோசையின் ஒரு பக்கம் பொன்னிறம். மறுபக்கம் பச்சை மாவு.

“திருப்பிப் போடலியா?”

“விளம்பரம் பதினஞ்சு செகண்டுதாங்க. அதுக்குள்ள ஒரு பக்கம் வெந்ததே பெருசு. இன்னொரு பக்கத்த அடுத்த விளம்பரத்துல போட்டுத் தர்றேன்.”

“அது எப்ப வரும்?”

“எப்ப வோணாலும் வரும்.”

மறுநாள் காலை சித்ரா, காபியை ஆற்றிக்கொண்டே இருபத்து மூன்றாம் எபிசோடைத் தொடங்கினாள். ஆரோக்கியசெல்வி மல்லாட்டை முறத்தோடு வந்து, முந்தின நாள் உட்கார்ந்த இடத்திலேயே அமர்ந்தாள். விழுப்புரத்தில் கலைப்பிரியா, ஒரு ஸ்கிரீன் பிளான்தான் குடும்பத்துக்கு நல்லது என்று தன் கணவனுக்கு எடுத்துரைத்தாள். ராஜ்குமார், டீக்கடையில் சுப்பராயலு காதைப் பொத்திக்கொள்வதற்குள், இறுதி ஆட்டத்தின் முடிவை உரக்கப் படித்துவிட்டார்.

சுப்பராயலு வெறும் வயிற்றோடு பேருந்து நிலையத்தில் நின்றார். விழுப்புரம் வண்டியின் ஓட்டுநர் ராயப்பன், வழக்கமான விசில் கேட்காததால் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“சார், டைமாச்சு. வண்டிய எப்ப எடுக்கறது?”

சுப்பராயலு விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“எப்ப வோணாலும் எடுப்பா.”