முக்காடு போட்ட வெட்கக்காரி

"நீ முன்னாடி இப்படி இல்லையே?"

"எப்படி இருந்தேன்?"

"சிரிச்சுட்டு இருப்ப."

ஒரு ரவிக்கையின் கையைக் கோணலாகத் தைத்துவிட்டதற்காகத் தையல்காரி அழுது ஓய்ந்தபோது கணவர் கேட்டது இது. அவளுக்கு ஆறு வருடமாகத் தைராய்டு நோய். மாத்திரையின் அளவு பிசகினால் சோர்வும் எரிச்சலும் சேர்ந்து வரும். அதைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள், அவர் ஊரில் புதிதாக முளைத்த 'கழுத்து மகான்' வரிசையில் நின்றுவிட்டார்.

அலமாரிக் கடை மாடியில் மகானுக்கு எள் விழ இடமில்லாத கூட்டம். நூலில் கட்டிய பித்தளைக் குண்டைப் பெண்களின் கழுத்தருகே பிடிப்பார். நேராக ஆடினால் நல்ல குணம். வட்டமடித்தால் தொண்டையில் கோபப் பிசாசு. அதிசயம் பாருங்கள், வந்தவர்கள் அத்தனை பேருக்கும் வட்டம்தான்! ஆண்களுக்குப் பரிசோதனையே கிடையாது. ஆண் கத்தினால் அது வேலைப்பளு அல்லவா?

தையல்காரிக்கும் வட்டமே. "மாத்திரைதான் பிசாசுக்குத் தீனி. நிறுத்தும்மா."

நிறுத்தினாள். மூன்றே வாரத்தில் முகம் வீங்கியது. படியேற மூச்சு வாங்கியது. தைக்க எழுதி வைத்த அளவுகூடக் குழம்பியது. "பிசாசு போறப்ப உதைக்கத்தான் செய்யும்," என்று பக்தர்கள் கணவரைத் தேற்றினார்கள். அவள் சத்தமில்லாமல் டாக்டரைப் பார்த்து மாத்திரையை மறுபடி தொடங்கினாள். பிறகு மகானைத் தன் தையல் கடைக்கே அழைத்தாள்.

"இன்னொருத்தியையும் பாக்கணும் சாமி. வெட்கக்காரி, முக்காட்டை எடுக்க மாட்டா."

பக்தர்களும் கணவரும் புடைசூழ மகான் வந்தார். மூலையில் நின்றவளின் கழுத்தருகே குண்டு கிறுகிறுவென்று சுற்றியது.

"அடேயப்பா! புருஷனைக் கரிச்சுக் கொட்டறவ. பத்து வருஷமா மாத்திரை முழுங்கறா!"

தையல்காரி முக்காட்டை உருவினாள். ரவிக்கை மாட்டிப் பார்க்கும் பொம்மை! தலையாக வைத்த பஞ்சு மூட்டை உருண்டு மகானின் காலடியில் விழுந்தது.

"பிசாசு... பொம்மைக்குள்ளயும் பூரும்மா!"

"பூரட்டும் சாமி. பத்து வருஷமா எந்த வாயால மாத்திரை முழுங்குச்சு?"

முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் கடையே சிரித்தது. மகான் செருப்பைக்கூட மாட்டாமல் நழுவினார். பொம்மைக்குத் தலையில்லை, மன்னித்துவிடலாம். மாடிப்படியில் வரிசை கட்டிய தலைகளெல்லாம் எதற்காம், தொப்பி மாட்டவா?

கூட்டம் கலைந்தது. கணவர் பஞ்சு மூட்டையைத் தட்டிக்கொண்டே நின்றார். "தப்புதாம்மா. மன்னிச்சிடு."

"மன்னிப்பு கிடக்கட்டும்." ஆறு வருடமாகத் தொண்டையில் நின்ற பேச்சு, பிசாசல்ல, வெளியே வந்தது. "அந்தாளுக்காக மூணு நாள் வரிசையில நின்னீங்கல்ல? நாளைக்கு ரத்தப் பரிசோதனைக்கு என்கூட வாங்க."