பசுவுக்குக் கிடைத்த வீடு

ஒரு நாடு நாகரிகம் அடைந்துவிட்டதா என்று அறிய அதன் நூலகங்களைப் பார்க்க வேண்டியதில்லை. அதன் மாடுகள் எங்கே தூங்குகின்றன என்று பார்த்தால் போதும். இந்தப் பேருண்மையைக் கண்டறிந்தது அயர்லாந்தில் எங்கள் மேயோ மாவட்டத்துக் கிராமச் சீர்திருத்தக் குழு. அதன் கௌரவச் செயலாளராக இருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு 'கெட்ட பழக்கம்'. ஒரே அறை வீடு. ஒரு பாதியில் மனிதர்கள், மறுபாதியில் பசு. நடுவே சுவர்கூடக் கிடையாது. கணப்பு நெருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பசுதான் நன்றாகக் கறக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. குழுத் தலைவர் ஹேக்கெட் துரை இதைக் கேட்டு மனம் நொந்துபோனார். அவர் வீட்டில் கணப்பைப் பார்த்துப் படுத்திருப்பவை இரண்டு வேட்டை நாய்கள்தான். அவை பால் கொடுப்பதில்லை என்பதால் அதில் மூடநம்பிக்கை ஏதும் இல்லை.

முதல் சீர்திருத்தத்துக்கு அகப்பட்டவள் விதவை ஹானோரா. அவளுக்கு இருந்தது ஒரு பசு, ஒழுகுகிற வைக்கோல் கூரை, நெஞ்சுச் சளியோடு தவழ்கிற ஒரு பிள்ளை. அதற்குப் பசும்பாலைத் தவிர வேறெதுவும் வயிற்றில் தங்காது. துரை பசுவுக்குத் தனிக்கொட்டில் கட்டித் தந்தார்: கருங்கல் சுவர், கற்பலகைக் கூரை, கண்ணாடி ஜன்னல். திறப்புரை அடியேன். பசு மட்டும் ஒத்துழைக்கவில்லை. உள்ளே நுழைந்தது முதல் பாலை அடக்கிக்கொண்டது.

பசு மனிதர் வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதானே உத்தரவு, மனிதர் பசு வீட்டில் இருக்கலாமே என்று ஹானோரா முடிவுகட்டினாள். பிள்ளையையும் படுக்கையையும் கொட்டிலுக்குக் கொண்டுபோய் அங்கேயே கணப்பு மூட்டினாள். அன்று மாலையே பசு கறந்தது. பிள்ளை வயிறாரக் குடித்தது.

கொட்டிலில் புகையைக் கண்ட துரை என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார்.

"ஏம்மா, இது மாட்டுக்குக் கட்டினது. இந்தப் புகையில அதோட உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"அதுக்கு ஒண்ணும் ஆகலைங்கய்யா. பிள்ளையும் இருமாம தூங்குது. இங்க ஒழுகவே இல்லை பாருங்க."

"எப்படி ஒழுகும்? மாட்டுக்கு ஈரம் ஆகாதே."

"அப்ப எங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு கட்டிக் குடுங்களேன்."

குழுவின் நிதி கால்நடைகளுக்கு மட்டுமே என்று நான் விதியை எடுத்துரைத்தேன். ஹானோரா இடுப்பிலிருந்த பிள்ளையைத் தரையில் விட்டாள்.

"இவனும் நாலு கால்லதாங்க போறான். இவனையும் சேர்த்துக்குங்க."

துரை நியாயவான். பிள்ளை தவழ்வதைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்தார்.

"வளர்ந்தா நிமிர்ந்துடுவானேம்மா," என்றார் வருத்தத்தோடு.

அன்றே கணப்பை அணைத்து, தாயையும் பிள்ளையையும் பழைய வீட்டுக்கு அனுப்பி வைத்தோம். பசு மறுபடி பாலை அடக்கிக்கொண்டது. துரை அஞ்சியது நடக்கவில்லை; பிள்ளை நிமிரவே இல்லை. ஜனவரியில் அவனுடைய சின்னச் சவப்பெட்டியை வைக்க அந்த வீட்டில் ஒழுகாத இடமாகத் தேட வேண்டியிருந்தது.

இடுகாட்டில் துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஹானோராவிடம் ஆறுதல் சொன்னார்.

"மனசைத் தேத்திக்கம்மா. இந்தக் குளிருக்கு நம்ம பக்கத்துல ஒரு மாடுகூடச் சாகலை."