நான்காவது ஸ்விட்ச்

மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாடு என் பிரிவு. தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். இந்தப் புத்தி கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாணப் பந்தியில் நான் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு இரண்டு இலை தள்ளிப் போய்விடுவார். அப்பேர்ப்பட்ட நான், ஒரு டிபன் கடையை முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பரிசோதித்துவிட்டு, அது உல்லாசப் பயண வண்டி என்று முடிவு செய்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் மாமியார் சொல்லிவிடுவார், அதற்கு நானே சொல்வது மேல்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். எனக்குக் காலை ஷிஃப்ட். என் மனைவி கலாவுக்கு, போன் பாகங்கள் செய்யும் இன்னொரு கம்பெனியில் மதிய ஷிஃப்ட். அவள் வீடு திரும்பும்போது நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். நான் கிளம்பும்போது அவள் போர்வைக்குள் இருப்பாள். வார விடுமுறையும் ஒரே நாளில் வராது. எங்கள் குடித்தனம் பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில்தான் நடந்தது. தக்காளிச் சட்னியில் உப்பு அதிகம் என்று நான் ஒரு சீட்டு எழுத (புத்தி எங்கே போகும்?), அந்தச் சண்டை அதே கதவில் ஒன்பது நாள் ஓடியது. அவள் ராத்திரி வந்ததும் எனக்குப் போட்டு வைக்கிற டீயை ஃப்ளாஸ்க்கில் எடுத்துப்போய்க் கம்பெனி பஸ்ஸில்தான் குடிப்பேன்.

ஒருநாள் ஃப்ரிட்ஜில் புதுச் சீட்டு இருந்தது. "எனக்கு ரெண்டு நாள் லீவு கிடைக்கும். நீங்களும் போடுங்க. எதிர் எதிர்ல உக்காந்து ஆறாம ஒரு டீ குடிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

அவள் கேட்டது ஒரு டீ. படப்பையில் அவள் அம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து குடித்திருக்கலாம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த வாரம் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். வெளிநாட்டுக் கணவனும் மனைவியும் ஜீப்புக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டைக் கட்டி இழுத்துப்போய் ஏரிக்கரையில் நிறுத்தி, சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வீடியோவில் யாருக்கும் வியர்க்கவில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

படப்பையில் வண்டிகளுக்கு பாடி கட்டும் ஷெட் வைத்திருக்கும் பாஸ்கர் என் பள்ளித் தோழன். விஷயத்தைச் சொன்னதும் "உனக்குன்னே ஒண்ணு கீது மச்சி" என்று பின்பக்கம் கூட்டிப்போனான். சிவப்பு நிறத்தில் பத்தடி நீள ட்ரெய்லர் ஒன்று நின்றது. உள்ளே கட்டில் அகலத்துக்குப் புதிதாக அடித்த இரண்டு பலகைகள், ஒரு ஃபேன், ஒரு பெரிய ஜன்னல். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு எடுக்க வரவில்லையாம். என்ன ஆர்டர் என்று நான் கேட்கவில்லை.

பேப்பரும் பேனாவும் எடுத்து வேலையைத் தொடங்கினேன். டயர் காற்று, கொக்கி, கீல், வெல்டிங். பதினான்கு குறைகள் கண்டுபிடித்தேன். ஒரு ஸ்க்ரூவின் தலை வேறு நிறம் என்பதும் அதில் ஒன்று. உள்ளே நான்கு ஸ்விட்ச்கள் இருந்தன. முதலாவது லைட், இரண்டாவது ஃபேன், மூன்றாவது சார்ஜர். நான்காவதைத் தட்டினால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.

"இது எதுக்குடா?" என்றேன். பாஸ்கர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். "அது சும்மா கீது, வுடு" என்று கையை ஆட்டினான். 'நான்காவது ஸ்விட்ச்: உபரி. பழுதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இழுப்பதற்குத் தன் பழைய ஜீப்பையும் அவனே கொடுத்தான்.

கலா உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"எதுக்குங்க இவ்ளோ பெரிய ஜன்னல்?"

"இயற்கையைப் பாக்க."

"ஜன்னலுக்கு வெளிய எதுக்கு எவர்சில்வர் மேடை?"

"பாத்துக்கிட்டே சாப்பிட."

"மேடையில எதுக்கு மூணு ரவுண்டு ஓட்டை?"

"டம்ளர் வைக்க."

"இதுல அண்டா வைக்கலாம்" என்றாள். நான் சிரித்து, பெண்களுக்குத் தொழில்நுட்பம் புரியாது என்ற மாதிரி தலையை ஆட்டினேன். (இந்த வரியைக் கலா படிக்கும்போது நான் ஊரில் இருக்க மாட்டேன்.)

வல்லம் வடகால் பக்கம் ஓர் ஏரியைப் போன் மேப்பில் தேர்ந்தெடுத்திருந்தேன். மேப்பில் நீலமாக இருந்தது. அது எந்த வருடத்து நீலமோ! போய்ப் பார்த்தால் வெடித்த சேறு, நடுவில் நாலு எருமை நனைகிற அளவுக்குத் தண்ணீர். கரைக்கும் ரோட்டுக்கும் இடையில் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியின் கேட்.

"கேட்டைப் பாக்கவா வந்தோம்?" என்றாள் கலா. "வண்டியத் திருப்பிட்டா ஏரி தெரியும்" என்று நான் ஜீப்பை ரிவர்ஸ் எடுத்தேன்.

ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது தனிக் கலை என்பதை அந்த வீடியோவில் சொல்லவில்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் அது இடப்பக்கம் போனது. கோபத்தில் இடப்பக்கம் ஒடித்தேன். அது ஜீப்பையே திரும்பிப் பார்த்தது. அரை மணி நேரம் இப்படி மல்லுக்கட்டிய பிறகு, ஒரு சக்கரம் சேற்றில் இறங்கி, ட்ரெய்லர் ஒரேயடியாக உட்கார்ந்தது. ஏரி பார்க்க வேண்டிய ஜன்னல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து லாரியின் நிழலில் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டி ஸ்டவ்வில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். பெயர் ஏழுமலை. லோடுக்காக நான்கு நாளாக அங்கேயே கிடக்கிறாராம். நடந்ததையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு எழுந்து வந்தார்.

"நாப்பதடி வண்டிய நான் ஒத்தக் கைல பின்னாடி எடுப்பேன். நீ பத்தடிய வெச்சிக்கினு இன்னா சார் பண்ற? இன்னா லோடு?"

"லோடு இல்லண்ணே. நாங்க தங்க வந்திருக்கோம். ரெண்டு நாள், ரிலாக்ஸா."

அவர் ட்ரெய்லரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கலாவைப் பார்த்தார். "நாங்க வூடு வாசல் இல்லாம வண்டில படுத்துக் கெடக்கறோம். நீ வூட்ட வுட்டுட்டு வந்து படுக்கறியா?" என்றவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இங்கயே கெடக்கட்டும் வுடு, போவும்போது தூக்கி வுடறேன்" என்று சோற்றுப் பானைக்குத் திரும்பினார்.

உள்ளே அடுப்பில் வேகும் சூடு. நாலு ஸ்விட்சையும் ஒரே இழுப்பில் தட்டிவிட்டு, ஜன்னல் கதவைத் தூக்கி மேலே மாட்டினேன். கலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். இரண்டு நாளைக்கென்று இரண்டு லிட்டர் பால், அவள் அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு, ஒரு கட்டு பேப்பர் கப். "பூரா பாலையும் காய்ச்சிடறேன், வெயில்ல திரிஞ்சிடும்" என்றாள். ஏலக்காய் தட்டிப் போட்டாள். மணம் வந்தது. எதிரெதிரே உட்கார இரண்டு ஸ்டூல் போட்டேன். அவள் முகம் மெல்ல இளகியது. மணி இரண்டரை.

எதிர் கேட்டில் ஷிஃப்ட் விட்டது.

முதலில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. நீலச் சட்டை போட்ட ஒரு கூட்டம் ரோட்டைக் கடந்து நேராக எங்களை நோக்கி வந்தது. முன்னால் வந்த பெண் எவர்சில்வர் மேடையில் முழங்கையை ஊன்றி, "யக்கா, நாலு டீ" என்றாள். அவள் பெயர் மாரிச்செல்வி, ஊர் சங்கரன்கோவில் பக்கம் என்பது பின்னால் தெரிந்தது.

"இது கடை இல்லம்மா" என்றேன் நான்.

"கடை இல்லாமலா இப்படி ஓட விட்டிருக்கீய?" என்று தலைக்கு மேலே கையைக் காட்டினாள்.

இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தேன். ட்ரெய்லரின் நெற்றியில், சிவப்பு பெயின்டோடு பெயின்டாக ஒளிந்திருந்த ஒரு பட்டையில், சிவப்பு விளக்கு எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தன. 'சூடான டீ ரெடி… இட்லி பொங்கல் வடை ரெடி… வாங்க வாங்க.'

நான்காவது ஸ்விட்ச்.

ஓடிப்போய் அதை அணைத்தேன். அதற்குள் முப்பது பேர் நின்றுவிட்டார்கள். நான் என் தொழில் கெத்தை வரவழைத்து, "கலைஞ்சு போங்க" என்று ஆரம்பித்தேன். மாரிச்செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை.

"காலைல அஞ்சு மணிக்கு பஸ்சு ஏறுனது. நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு. ரோட்ட அகலப்படுத்தணும்னு போன வாரம் இங்க இருந்த டீக்கடையவும் தூக்கிட்டாங்க. ஹாஸ்டல் பஸ்சு வர இன்னும் அரை மணி ஆவும். ஒரு வாய் தாங்கக்கா" என்றாள்.

கலாவும் லைனில் நின்று வேலை செய்கிறவள். அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தாள். பிறகு பாலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். "கப்பை எடுத்து அடுக்குங்க" என்றாள் என்னிடம்.

அடுக்கினேன். ஏழுமலை சோற்றை மூடிவிட்டு வந்து, "லைன்ல வா, லைன்ல வா, பொம்பளப் புள்ளைங்க மொதல்ல" என்று ஒழுங்குபடுத்தினார். "ஸ்கேனர் எங்கக்கா?" என்று ஒருவன் தேட, "ஸ்கேனர்லாம் இல்ல, குடிச்சிட்டுக் கெளம்பு" என்றாள் கலா. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னோடு இருந்தபோது அன்று காலை முதல் அவள் சிரிக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. சுருக்கென்றுதான் இருந்தது.

ஐந்தே நிமிடத்தில் நான் முழுக் கடைக்காரன் ஆகிவிட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்காமலே, நிமிர்ந்து பார்க்காமலே, "இங்கயா, பார்சலா? இங்கயா, பார்சலா?" என்று வாய் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த ஆளின் வெள்ளைச் சட்டைக் கை மேடையில் வந்து நின்றது.

"இங்கயா, பார்சலா?"

"இங்கதான்… சரவணன்?"

நிமிர்ந்தேன். எங்கள் மேனேஜர்! அந்தக் கம்பெனிக்கு ஏதோ ஆடிட்டுக்கு வந்தவர், கூட்டத்தைப் பார்த்து டீ நன்றாக இருக்கும் போலிருக்கிறது என்று வந்து நின்றிருக்கிறார். என் கையில் கப், தோளில் துண்டு.

"மாமியாருக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னு லீவு கேட்டியேப்பா. இப்ப எப்படி இருக்காங்க?" என்றார், உண்மையான அக்கறையோடு.

நான் வாயைத் திறப்பதற்குள் கலா கரண்டியோடு திரும்பினாள். "எங்கம்மாவா சார்? நல்லா இருக்காங்களே. காலைலகூட முறுக்கு சுட்டுக் குடுத்தாங்க. இந்தாங்க, எடுத்துக்குங்க."

அவர் ஒரு முறுக்கை எடுத்தார். கடித்தார். டீயைக் குடித்தார். காலிக் கப்பை மேடையில் வைத்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் கம்மி. நாளைக்குக் காலைல ஷிஃப்டுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். என் முதல் கஸ்டமர் கம்ப்ளெயின்ட் அது.

பஸ் வந்தது. கூட்டம் போனது. பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டுப் பால் இல்லை. இரண்டு ஸ்டூலும் எதிரெதிரே சும்மா கிடந்தன.

"எங்கம்மாவுக்கு எதுக்கு நெஞ்சு வலி வந்தது?" என்றாள் கலா.

"லீவுக்கு…"

"பொண்டாட்டிகூட ரெண்டு நாள் இருக்கணும்னு சொன்னா தர மாட்டாங்களா?"

தந்திருப்பார்கள். எனக்குக் கேட்க வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. லீவு ஃபாரத்தில் காய்ச்சல் எழுதலாம், சாவு எழுதலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். பெண்டாட்டியோடு டீ குடிக்கப் போகிறேன் என்று எழுதினால் லைன் முழுக்கச் சிரிக்கும் என்று பயந்தேன். அதற்கு ஒரு நல்ல மனுஷியை ஆஸ்பத்திரியில் படுக்கவைப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் காலிக் கப்புகளைப் பொறுக்கினாள். இரண்டு வருடத்தில் கிடைத்த இரண்டு நாளில் ஒன்றை மேனேஜரும் மற்றொன்றை நானும் தின்றுவிட்டோம். எனக்கு அழுகை வந்தது. தரக் கட்டுப்பாட்டில் இருப்பவன் ரோட்டில் நின்று அழக்கூடாது என்பதால் டயரைக் குனிந்து பரிசோதித்தேன்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் ஊத்திட்டு ரெண்டு பேரும் இன்னா பட்னி கெடக்கறீங்க? இங்க வாங்க" என்று ஏழுமலை கூப்பிட்டார். நாற்பதடி லாரியின் நிழலில் இரண்டு வாட்டர் கேனைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். எதிரெதிரே. பால்பவுடர் டீ, இரண்டு எவர்சில்வர் டம்ளரில், கையில் பிடிக்க முடியாத சூடு. கொடுத்துவிட்டு அவர் வண்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டார்.

நாங்கள் குடித்தோம். கலா முதல் வாய் குடித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"சர்க்கரை சரியா இருக்கா?" என்றாள்.

அவ்வளவு கண்றாவியான டீயை நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை. "ஒரு குறையும் இல்ல" என்றேன். அவள் சிரித்தாள்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. மாமியார் இன்றுவரை நான் போன் செய்தால், "நெஞ்சு வலி எப்படி இருக்குன்னு கேக்க மாட்டீங்களா மாப்ள?" என்றுதான் ஆரம்பிப்பார். பாஸ்கர் அந்த வண்டியை உடனே விற்றுவிட்டான். இப்போது அது அதே கேட்டுக்கு எதிரே டிபன் கடையாக நிற்கிறது, நல்ல கூட்டம். எங்கள் பிரிவில் யாராவது மனைவியோடு இருக்க லீவு கேட்டால் அதற்கு 'டீ லீவு' என்று பெயர். மேனேஜர் சிரிக்காமல் கையெழுத்துப் போடுகிறார். மாதம் ஒருமுறை நானும் எழுதிக்கொடுக்கிறேன்.

அன்று மட்டும் ஃப்ளாஸ்க் அலமாரியில் இருக்கும். கலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இங்கயா, பார்சலா?" என்று கேட்பாள்.

"இங்கயேதான்."