சிவப்பியின் மடியில் நான் நடத்திய போர்

ஒரு விஷயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் ஆபத்தில்லை. வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பான். முழுதும் தெரிந்தவனாலும் ஆபத்தில்லை. அவனை யாரும் கேட்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இனம் இருக்கிறது: கைப்பேசியில் பாதிக் கட்டுரை படித்தவன். அந்த இனத்தின் சிலாங்கூர் மாநிலப் பிரதிநிதியாக நான் சேவையாற்றிய கதை இது.

கோலசிலாங்கூர் பக்கத்தில், செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவே ஒரு தோட்டத்தில் என் தங்கை தேவி இருக்கிறாள். அவள் கணவர் சேகர் தோட்டத்துக் கோயிலின் செயலாளர். (பிரதமருக்கு அடுத்த பதவி. யாருக்கு யார் அடுத்து என்பதில் சேகருக்கு வேறு கருத்து உண்டு.) லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அவர்கள் வளர்க்கும் பசு சிவப்பி. அந்த வருடத் திருவிழாவில் அம்மனுக்குப் பால்குடப் பால் முழுதும் தன் வீட்டு மாட்டிலிருந்தே வரும் என்று சேகர் மைக்கில் அறிவித்திருந்தார். வாயால் சொன்னதை மறுக்கலாம். மைக்கில் சொன்னதை மறுக்க முடியுமா?

திருவிழாவுக்குச் சில நாள் முன்னதாகவே நான் போய் இறங்கினேன். மறுநாள் காலை பால் கறக்க உட்கார்ந்த தேவி, "அண்ணே, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். பின்பக்கத்துக் காம்பு ஒன்றிலிருந்து பால் திரிதிரியாக வந்தது. மடியில் அந்தப் பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டது. சிவப்பி காலை உதறினாள்.

"மடிநோய்தான். இப்பவே மாட்டு டாக்டரக் கூப்பிடணும்" என்றாள் தேவி.

சேகரின் முகத்தில் மைக் தெரிந்தது. "மருந்து குடுத்தா கொஞ்ச நாளைக்கு அந்தப் பால ஊத்திடச் சொல்லுவாங்க. அம்மனுக்கு என்னா பண்றது? திருவிழா முடியட்டும்லா."

"மாடு செத்துட்டா? அம்மனுக்குக் கடையில ஆத்துற தே தாரிக் டீயவா ஊத்துவீங்க?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் படித்தவன் ஒருவன் இருந்தால் வரும் கேடு இதுதான். நான் கைப்பேசியை எடுத்தேன். கிடைத்தது ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை. கிருமி காம்பு வழியாக நுழைந்ததும், இரத்தத்திலிருந்து நோயெதிர்ப்பு அணுக்கள் கூட்டங்கூட்டமாக மடிக்குள் பாய்ந்து அதை விழுங்குமாம். அபாரம்! பாதியிலேயே எனக்கு முழு ஞானம் கிடைத்துவிட்டதால், மீதியைப் படித்து அதைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

"தேவி, இது வீக்கம் இல்ல, போர். உள்ள படை எறங்கியிருக்கு, சூடு அதனாலதான். அந்தப் பக்கம் கறக்காத. படையெல்லாம் பால்லதான் இருக்கு. கறந்தா நம்ம ஆளுங்களையே பிடிச்சு வாளியில போடற மாதிரி."

"மச்சான் சொன்னா அறிவியல்லா!" என்று சேகர் குதூகலித்தார். (கேட்பவருக்குப் பிடித்ததைச் சொன்னால் அது அறிவியல்.)

"அந்தப் படைய நீங்க பாத்தீங்களா?" என்று தேவி முறைத்தாள். ஆனாலும் ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருஷன். அந்தக் காம்பை விட்டுவிட்டாள்.

மறுநாள் சிவப்பி புல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் கல்லாக இறுகியிருந்தது. போர் உச்சக்கட்டத்தில் இருப்பதாக நான் அறிக்கை விட்டேன். திருவிழாவுக்கு முந்தின நாள் சிவப்பி எழுந்திருக்கவே இல்லை. மற்ற மூன்று காம்புகளிலும் பால் நின்றுபோயிருந்தது. தேவி யாரையும் கேட்காமல் டாக்டரை வரவழைத்தாள்.

வந்தவர் ஓர் இளம்பெண். தேங்கியதைப் பொறுமையாகப் பீய்ச்சி எடுத்து, மருந்து செலுத்திவிட்டு நிமிர்ந்தார். "கறக்க வேணாம்னு யாரு சொன்னது?"

என் குடும்பம் இத்தனை ஒற்றுமையாக ஒரே திசையில் திரும்பி நான் பார்த்ததில்லை.

"சார், எதிர்ப்பு அணுக்கள் வர்றது நல்லதுதான். ஆனா சண்டை இழுத்துக்கிட்டே போனா, அதுங்களே தழும்பு போடச் சொல்லித் தூது அனுப்பும். பால் சுரக்கிற எடத்துல எல்லாம் நார் மாதிரி வளந்துடும்."

கைப்பேசியில் மீதிக் கட்டுரையைப் படித்தேன். அதையேதான் சொல்லியிருந்தது. முதல் பாதியைவிட நன்றாக எழுதப்பட்டிருந்தது.

"பொழைக்குமா டாக்டர்?" என்று தேவி கேட்டாள்.

"பொழைச்சிடும். அந்த ஒரு பக்கத்த மட்டும் மறந்துடுங்க."

மறுநாள் அம்மனுக்கு, வரலாற்றில் முதன்முறையாக, பேரங்காடிப் பெட்டிப்பாலில் அபிஷேகம். பக்தர்கள் கத்தரிக்கோலுக்கு வரிசையில் நின்றார்கள். சேகர் மைக்கை என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லிடுங்க மச்சான். அறிவியலாச் சொல்லுங்க."

சிவப்பி எழுந்தாள். பிறகு கன்றும் ஈன்றாள். இன்றும் மூன்று காம்புகளில் தாராளமாகக் கறக்கிறாள். போன மாதம் நான் போயிருந்தபோது தேவியின் மகள் கவிதா பால் கறக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நான் இருப்பது தெரிந்தேதான் தேவி அத்தனை சத்தமாகச் சொன்னாள்:

"அங்க ஏன்டி கை வைக்கிற? அது மாமா பக்கம். தொட்டுப் பாத்தா கனமாத்தான் இருக்கும். உள்ள ஒண்ணும் கெடையாது."