கற்றல் குறைபாட்டில் முதல் மதிப்பெண்

செஞ்சியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் கலைமதிக்கு எழுத்துகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்லுவாள். எழுதினால் எல்லாம் இடம் மாறிவிடும். ‘டிஸ்லெக்சியா, பிறவியிலேயே வருவது’ என்றார் டாக்டர். சான்றிதழ் இருந்தால் பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம்; ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கிடைக்கும்.

தையல் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அம்மா ஜெயஸ்ரீ மகளைச் சான்றிதழ் தரும் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். அதிகாரி பீமாராவ் நேர்மையானவர். சிபாரிசை ஒழிக்கும் உயரிய நோக்கத்தோடு, குறைபாட்டுக்கு எழுத்துத் தேர்வு வைத்திருந்தார். பாஸானால் குறைபாடு உண்டு.

“படிக்க முடியலன்னுதானே சார் வந்திருக்கிறோம். கேள்வித்தாள எப்படிப் படிப்பா?”

“நல்லா தயார் பண்ணிட்டு வரச் சொல்லும்மா. தகுதியில்லாதவங்களுக்குக் குடுக்க முடியுமா?”

கூடுதல் நேரம் என்ற சேதி பஜாரில் பரவியது. பெரிய விஞ்ஞானிகளுக்கெல்லாம் இது இருந்ததாம் என்று வாட்ஸப்பிலும் வந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரில் பச்சமுத்து என்பவர் குறைபாட்டுத் தேர்வுக்குக் கோச்சிங் சென்டர் திறந்தார். “உங்க பையனுக்கு வந்துடுச்சா?” என்று தாய்மார்கள் ஆவலோடு விசாரித்துக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பின் முதல் மாணவன் வெற்றிவேல் நூற்றுக்கு நூறு வாங்கினான். அவனுக்கு மிகக் கடுமையான குறைபாடு என்று முடிவாகி, பேனர் வைத்தார்கள்.

கலைமதி வாங்கியது ஏழு. ‘குறைபாடு ஏதுமில்லை’ என்று முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: “நான் பாஸாம்மா, ஃபெயிலா?”

ஜெயஸ்ரீ மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொதுத்தேர்வு வந்தது. பத்தாம் வகுப்பு முழுக்கச் சான்றிதழ் வைத்திருந்ததால் எல்லோருக்கும் எழுதித்தர ஆள் வேண்டும். எழுதுகிறவர் கீழ்வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும், குறைபாடு அறவே இல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்பதாம் வகுப்பிலும் அப்படி மிஞ்சியது ஒருத்திதான்.

“என்னால முடியாது சார்,” என்றாள் கலைமதி.

“முடியும்னு ஆர்டர் இருக்குதும்மா,” என்றார் தலைமையாசிரியர்.

வெற்றிவேல் சொன்னான், கலைமதி எழுதினாள், மற்றவர்களுக்கு ஜெராக்ஸ் எடுக்கப்பட்டது.

வகுப்பே ஃபெயில்.

பெற்றோர்கள் முதலில் தையல் கடைக்குப் படையெடுத்தார்கள். “இன்னாடி எழுதி வெச்சா உம் பொண்ணு?”

“எனக்கு இன்னாக்கா தெரியும்? அவளுக்கு ஒண்ணுமில்லன்னு ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க,” என்று ஜெயஸ்ரீ மெஷினை மிதித்தாள்.

கூட்டம் அலுவலகத்துக்குத் திரும்பியது. முடிவுகளைப் பார்த்த பீமாராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்தீங்களா? ஒரு பிள்ளைக்குக்கூட நான் தப்பா சான்றிதழ் குடுக்கல.”