கண்ணாடிச் சுவரைக் கழற்றிய கதை

கிள்ளான்

ஈப்போவில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் இராமலிங்கம் அவர்களுக்கு, சுகுமாறன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை அமுதவள்ளியும் நலம். என் இடுப்பு மட்டும் நலமில்லை. அங்கே தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும்.

எங்கள் சங்கத்து அருங்காட்சியகத்தைப் புதுப்பிப்பது தாங்கள் அறிந்ததே. பெரிய பொருள்களைக் கொண்டுவந்து நிறுத்தும் பொறுப்பை, ஓய்வு பெற்றவன் சும்மாதானே இருக்கிறான் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் முக்கியமானது ஜெஞ்சாரோமில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்த நீராவி ரோடு ரோலர். நம் ஆட்கள் இந்த நாட்டில் சாலை போட்டதற்கு அதுதான் சாட்சி. அதைக் கிரேன் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தால், வழியில் ஒரு பூக்கடைக்காரர் லோரியை மறித்து மாலை போட்டுக் கற்பூரம் காட்டிவிட்டார், பின்னால் வந்த கார்களெல்லாம் ஹார்ன் அடித்துத் தீர்த்தன, ஒருவழியாக வாசலுக்கு வந்து சேர்ந்தால் ரோலர் உள்ளே போகவில்லை. முகப்பு முழுக்கப் புதுக் கண்ணாடிச் சுவர்!

"அங்கிள், நீங்க கொடுத்த அளவுக்குத்தானே வாசல் விட்டேன்" என்றாள் கட்டட வரைவாளர் ஷாமினி. நான் முன்சக்கரத்தை அளந்து கொடுத்திருக்கிறேன். பின்சக்கரங்கள் அதைவிட அகலம் என்று யார் கண்டது!

காண்டிராக்டர் பாலன், "அறுத்துடலாம் லா அங்கிள். உள்ள கொண்டுபோயி வெல்டிங் அடிச்சா யாருக்குத் தெரியும்?" என்றார். சங்கத்தார் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். வேலையாட்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த உங்கள் தங்கை, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ரோலருக்கு முன்னால் போய் நின்றாள்.

"எங்கப்பா ஓட்டுன வண்டி இது. பந்திங் ரோட்ட இதுலதான் போட்டாரு. அந்த நெருப்புல நின்னு நின்னே அவரு நெஞ்சு வெந்து போச்சு. அறுக்கறதா இருந்தா என்னை மொதல்ல அறுங்க."

பாலன் வெட்டும் கருவியை அணைத்தார். ஷாமினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுவரக் கழட்டிடலாம் ஆன்டி" என்றாள். கழற்றினோம். சாயங்காலத்துக்குள் ரோலர் கூடத்தில் நின்றது. இத்தனை வருடக் குடித்தனத்தில் மாமா பொதுப்பணித் துறையில் இருந்தார் என்பதற்கு மேல் அவள் எதுவும் சொன்னதில்லை. அந்தச் சக்கரத்தைத் தடவிக்கொண்டு அவள் நின்றதைப் பார்த்துவிட்டு, 'ரோலர் ஓட்டுநர்' என்று மாமா பெயர் பொறித்த பலகைக்கு அன்றே சொல்லிவிட்டேன்.

வரும் ஞாயிறு திறப்புவிழா. அந்தப் பலகையைத் தாங்கள்தான் திறந்துவைத்து, மூத்த மகனாக நான்கு வார்த்தை பேச வேண்டும். பெரியவர் ஆசி நம் எல்லாருக்கும் இருக்கும்.

தங்கள் அன்புள்ள,
சுகுமாறன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதை அமுதவள்ளியிடம் படித்துக் காட்டினேன். "எங்கப்பா ரோலரு ஓட்டுனதில்லங்க. தார் ஊத்துனாரு. நடந்து நடந்து" என்கிறாள். பிறகு ஏனம்மா அப்படிச் சொன்னாய் என்றேன். "தார் ஊத்துனவரு மக வந்து நிறுத்துங்கன்னா நிறுத்தியிருப்பீங்களா?" என்று கேட்டாள். பலகை வேறு வந்து இறங்கிவிட்டது, மச்சான். தாங்கள் மேடையில் என்ன பேச வேண்டும் என்று கேட்டதற்கு, "அண்ணன் உள்ளதையே பேசட்டும்" என்கிறாள். தாங்கள் பேசும்போது நான் கடைசி வரிசையில் இருப்பேன், தேட வேண்டாம்.