ஹால்வர் லேக்கின் தோட்டாத் தீர்மானம்

மனித குலத்தின் மேன்மைக்காக இதுவரை எத்தனையோ குழுக்கள் கூடிக் கலைந்திருக்கின்றன. ஆனால் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகோடியில், ஹால்வர் லேக் மான் வேட்டையர் சங்கம் அமைத்த 'தோட்டா ஆய்வுக் குழு'வின் கால்தூசிக்கு அவை எவையும் காணா என்பது அதன் தலைவர் ஆர்வில் ஸ்டென்ரூடின் தாழ்மையான கருத்து. சங்கத் தலைமைக்கும் பதினெட்டு ஆண்டுகளாகப் போட்டியின்றித் தேர்வாகி வருகிறவர். தாழ்மைக்குக் கேட்கவா வேண்டும்.

குழு பிறக்கக் காரணம் ஒரு கழுகு. அக்டோபரில் அது ஏரிக்கரையில் தலை தொங்கிக் கிடந்தது. கால்நடை மருத்துவர் கிரெட்சன் நைலண்ட் தூக்கிப் போய் வைத்தியம் பார்த்தும் மூன்றாம் நாள் செத்துப்போனது. அதன் வயிற்றில் ஈயம். மானைச் சுட்டவர்கள் காட்டில் விட்டுப்போன குடலைத் தின்றதால் வந்த வினை. ஈயத் தோட்டா உடம்புக்குள் பொடிப்பொடியாகச் சிதறும், செம்புத் தோட்டா சிதறாது, தயவுசெய்து செம்புக்கு மாறுங்கள் என்று டாக்டர் கிரெட்சன் வேட்டையர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் குழு கூடியது. தண்ணீர்க் காபி, எலுமிச்சைக் கேக். தன் தாத்தா ஈயத்தால் சுட்டு, ஈயத்தால் சுட்டதையே தின்று, தொண்ணூற்றொரு வயது வரை வாழ்ந்ததை ஆர்வில் முக்கால் மணி நேரம் விவரித்தார். கடைசிப் பத்து வருஷம் அவருக்குத் தன் பெயரே நினைவில்லை என்பது பொருளுக்குப் புறம்பானதால் சொல்லவில்லை. முடிவில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: 'ஈயத்தால் எவ்விதத் தீங்கும் இல்லை. மறைந்த கழுகு உணவு விஷயத்தில் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்.'

டாக்டர் சண்டை போடவில்லை. "உங்க வீட்டு ஃப்ரீசர்லேர்ந்து ஒரு பொட்டலம் கறி கொண்டாங்க ஆர்வில். எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம்" என்றார்.

ஆர்வில் மார்பை நிமிர்த்திக்கொண்டு போனார். போன வருஷம் தன் கையால் சுட்ட மானின் கைமா. பேத்தி எல்சிக்கு மூன்று வயது. ஞாயிறுதோறும் இதில் வடை தட்டிக் கொடுத்தால் இரண்டு தின்பாள். திரையில் பொட்டலம் கறுப்பாகத் தெரிந்தது. அதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், மாவு தூவினாற்போல.

"உங்க மெஷின்ல தூசி இருக்கு, டாக்டர்."

டாக்டர் கடையில் வாங்கிய மாட்டுக்கறியை அதே இடத்தில் வைத்தார். ஒரு புள்ளிகூட இல்லை.

அன்று ஆர்வில் வண்டியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எத்தனை ஞாயிறு, எத்தனை வடை என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜானிஸிடம், குழந்தைக்கு இனி அந்தக் கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, சங்கத்தின் ரகசியம் என்றார்.

மறுநாள், தெரிந்த முகம் எதுவும் தட்டுப்படாது என்ற நம்பிக்கையில், தொண்ணூறு மைல் தள்ளி ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனார். செம்புத் தோட்டா வரிசையில் அவருக்கு முன்னால் ஒருவர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு நின்றிருந்தார். சங்கச் செயலாளர் டுவேன்.

"மருமகனுக்கு" என்றார் டுவேன்.

"உனக்குத்தான் மகளே கிடையாதே."

"நீ யாருக்கு வாங்குற?"

"ஆராய்ச்சிக்கு."

இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பெட்டி வாங்கினார்கள். கடைக்காரர், ஹால்வர் லேக்கிலிருந்து இந்த வாரம் வந்தவர்களில் நீங்கள் முப்பத்தெட்டாவதும் முப்பத்தொன்பதாவதும் என்றார். சங்கத்தின் மொத்த உறுப்பினர்களே நாற்பத்தொரு பேர்.

இப்போது ஒரு சிக்கல் எழுந்தது. எல்லார் ஃப்ரீசரிலும், டாக்டரிடம் ரகசியமாகப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த போன வருஷக் கறி. வீட்டில் யாரும் தொடுவதில்லை. கொட்டிவிடலாமென்றால், ஏன் கொட்டினாய் என்று ஊர் கேட்கும். இம்முறை சங்கமே மொத்தமாகக் கூடியது. டுவேன் எழுந்து, ஊரிலுள்ள ஏழைகளுக்கு உணவு வழங்கும் மையத்துக்கு அத்தனையையும் தானமாகக் கொடுக்கலாம் என்று முன்மொழிந்தார். கரவொலி அடங்க நேரமாயிற்று.

பார்வையாளராக வந்திருந்த டாக்டர் எழுந்தார். "விஷம்னு தெரிஞ்சுதானே உங்க வீட்டுல நிறுத்தினீங்க? அதையா அடுத்தவங்க புள்ளைங்களுக்குக் குடுக்கப் போறீங்க?"

"விஷம்னு நாங்க எங்க ஒத்துக்கிட்டோம்? தீங்கு இல்லன்னு போன கூட்டத்துலயே தீர்மானம் போட்டாச்சே" என்றார் டுவேன்.

ஆர்வில் வாய் திறக்கப் பார்த்தார். திறந்தால் முதல் தீர்மானம் தப்பென்று ஆகும். பதினெட்டு ஆண்டில் அவருடைய தீர்மானம் எதுவும் தப்பாக ஆனதில்லை. கையைத் தூக்கினார். நாற்பத்தொரு கைகள். டாக்டர் தன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், மையத்தை நடத்தும் பெவ் ஆல்ம்ஸ்டெட்டிடம் நேரே சொன்னார். பெவ்வும் பயந்துபோய் ஆர்விலைக் கூப்பிட்டுக் கேட்டாள். ஆர்வில் சங்கத்தின் முத்திரை குத்திய தீர்மான நகலை அனுப்பிவைத்தார். முத்திரையைக் கண்டபின் ஒருத்தி என்ன செய்வாள்.

டிசம்பரில் மையம் சங்கத்தாருக்கு நன்றி விருந்து வைத்தது. தானம் கொடுத்த மான்கறியிலேயே பீன்ஸ் போட்டுக் காரக் குழம்பு. கிண்ணங்கள் வந்ததும் டுவேனுக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று. இன்னொருவருக்குப் பல்வலி. ஏழெட்டுப் பேர் அந்த வாரம்தான் சைவத்துக்கு மாறியிருந்தார்கள். ஆர்விலுக்கு எதிரே ஒரு இளம் தாய், மடியில் பெண் குழந்தை. எல்சி வயதுதான் இருக்கும்.

"நீங்க சாப்பிடலையா சார்?" என்றாள் அவள்.

"டாக்டர் கறி வேணாம்னு சொல்லிட்டாங்கம்மா" என்றார் ஆர்வில். அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

குழந்தை வாயைத் திறந்தது. ஆர்விலின் கை மேசைமேல் பாதி தூரம் போயிற்று. அதற்குள் பெவ் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அந்தக் கை அப்படியே மேலெழுந்து பாராட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொண்டது. திரும்பிப் பார்த்தபோது கிண்ணம் காலி.

ஹால்வர் லேக்காரர்களை ஈயாத கஞ்சர்கள் என்று இனி எவரும் சொல்ல முடியாது. தங்களிடமிருந்த ஈயம் அத்தனையையும், சொந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு துகள்கூட ஒதுக்கிக்கொள்ளாமல், ஏழைகளுக்கே ஈந்துவிட்டார்கள்.